நிலநடுக்கம் காப்பாற்றாத ஐந்து பேர்

போன வருடம் மே மாத விடுமுறையில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை நேரம் ஒன்று வைத்திருந்தார்கள். வானியல் சம்பந்தமாக ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பல வருடங்களாகப் பிடித்தமான ஒரு கதையைச் சொன்னேன். 1665ஆம் ஆண்டு, பெய்ஜிங். 70 வயதைத் தாண்டிய ஒரு ஜெர்மானியப் பாதிரியார் சங்கிலியோடு சிறையில் கிடக்கிறார். பெயர் ஆடம் ஷால். பக்கவாதம் வந்து நாக்கு குழறிவிட்டது. போன வருடம் வரை சீனப் பேரரசின் வானியல் துறைக்கே அவர்தான் தலைவர். இப்போது உடலைச் சிறிது சிறிதாக அரிந்து கொல்லும் தண்டனை. தீர்ப்பு உறுதியாகிற நேரத்தில் பூமி குலுங்குகிறது. வானத்தில் வால்மீன் தெரிகிறது. நடுங்கிப்போன அரசவை கிழவரை விட்டுவிடுகிறது. மூன்று வருடம் கழித்து அவருடைய இளைய தோழர் ஒரு கம்பின் நிழலை அளந்தே எதிரியைத் தோற்கடிக்கிறார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

எல்லோரும் எழுந்து போகும்போது ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கிட்டே வந்தாள். "சார், அந்த ஆபீஸ்ல அவர்கூட வேலை பாத்தவங்களையும் விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, எல்லாரையும் விட்டுட்டாங்க" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அது பொய். தெரியாமல் சொன்ன பொய்யும் இல்லை. ஷாலோடு வேலை பார்த்த சீன வானியலாளர்கள் ஐந்து பேரின் தலை அந்த வசந்தத்திலேயே வெட்டப்பட்டது. ஷாலைப் பற்றி நான் படித்த எல்லாவற்றிலும் அது ஒரு வரியாக இருக்கிறது. ஒரே ஒரு வரி. ஒவ்வொரு முறையும் அந்த வரியைப் படித்திருக்கிறேன், அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். கதை சொல்லும்போது தானாகவே அது உதிர்ந்துவிட்டது. நிலநடுக்கத்தோடு அந்த வரி ஒத்துப்போகாதே. ஒரு குழந்தை சரியாக அந்த இடத்தில் விரலை வைத்தது, நான் மூடி மறைத்தேன். ஒரு வருடமாக மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஷாலைக் குறை சொல்வதற்கு இல்லை இது. அவர் மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. 1592இல் கொலோனில் பிறந்தவர். ரோமில் படித்தார். 1611இல் கலிலியோ ரோமுக்கு வந்து, தொலைநோக்கியில் அவர் கண்டவற்றை இயேசு சபையின் கல்லூரி பாராட்டி ஏற்றுக்கொண்ட அந்த வசந்தத்தில், இவர் அதே ஊரில் 19 வயது மாணவர். 1618 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறினார். கூட வந்தவர்களில் சிலர் கடலிலேயே செத்தார்கள். அக்டோபரில் கோவா. அடுத்த வருடம் ஜூலையில் மக்காவ். அந்தக் கோவா நாட்களை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு உண்டு. 1619 பிப்ரவரியில் நம் மதுரையின் தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலியும் அதே ஊரில்தான் இருந்தார். குடுமியும் பூணூலும் சந்தனமும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்ற வழக்குக்காக அவரை அங்கே வரவழைத்திருந்தார்கள். ஒரு நாட்டுக்குள் நுழைய அந்த நாட்டுக்காரனைப் போலவே ஆகலாமா, எதுவரை ஆகலாம் என்ற கேள்வி அந்த ஊரில் அன்றைக்குச் சூடாக நடந்துகொண்டிருந்தது. அதே கேள்வியைத்தான் ஷால் பெய்ஜிங்குக்கும் சுமந்துகொண்டு போனார்.

சீனத்தில் அவர் தாங் ருவோவாங் ஆனார். 1626இல் தொலைநோக்கியைப் பற்றி சீன மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். அதை எழுத உதவியவர் பெயரை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: லீ ட்ஸூபாய்.

## ராகுவும் கேதுவும் பெய்ஜிங்கில்

சீனத்தில் நாட்காட்டி என்பது சுவரில் மாட்டுகிற பொருள் மட்டும் இல்லை. வானத்தின் ஆணை பெற்றவன்தான் பேரரசன். அந்த ஆணை அவனிடம் இருக்கிறது என்பதற்கு அடையாளம், அவன் வெளியிடும் நாட்காட்டி வானத்தோடு பொருந்துவது. பக்கத்து நாட்டு மன்னன் அந்த நாட்காட்டியை வாங்கிக்கொண்டால் அவன் பணிந்துவிட்டான் என்று பொருள். முன்னறிவிக்காத ஒரு கிரகணம் வந்தால் அது அரசியல் விபத்து. அதனால்தான் அந்த வேலைக்கென்று ஒரு அரசுத் துறையே பல நூற்றாண்டுகளாக இருந்தது.

அந்தத் துறையில் வெளியூர்க்காரர்கள் இருப்பதும் புதிதில்லை. எட்டாம் நூற்றாண்டில், தாங் அரசர்கள் காலத்தில், அதன் தலைமையில் இருந்தவர் கௌதம சித்தர். சாங்கானில் குடியேறிய இந்தியக் குடும்பத்தில் வந்தவர். 718ஆம் ஆண்டு வாக்கில் நவக்கிரகக் கணக்கைச் சீனத்தில் பெயர்த்துக் கொடுத்தார். ராகுவும் கேதுவும் லுவோஹோவ், ஜிது என்ற பெயரில் சீன வானத்தில் குடியேறிவிட்டார்கள். அப்புறம் மங்கோலியர் காலத்தில் முஸ்லிம் வானியலாளர்கள் வந்தார்கள். அவர்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. ஆக, 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் வந்து நின்றது ஏற்கெனவே பலர் உட்கார்ந்திருந்த திண்ணை.

1629 ஜூன் 21ஆம் தேதி ஒரு சூரிய கிரகணம். அதன் நேரத்தைப் பழைய சீனக் கணக்கும் முஸ்லிம் கணக்கும் தவறவிட, ஐரோப்பியக் கணக்கில் போட்டவர் ஷு குவாங்சி. பெரிய அமைச்சர், கிறிஸ்தவர். நாட்காட்டியைத் திருத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஷாலும் ரோ என்ற இத்தாலியரும் அழைக்கப்பட்டார்கள். சீன உதவியாளர்களோடு சேர்ந்து 1634க்குள் 137 பகுதிகள் கொண்ட ஒரு மாபெரும் தொகுப்பை முடித்தார்கள். இந்த உதவியாளர்கள் என்ற சொல்லைத்தான் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். சீன இலக்கிய நடையில் ஓர் ஐரோப்பியரால் தனியாக ஒரு பக்கம்கூட எழுதியிருக்க முடியாது. அட்டவணைகளைப் பெருக்கிக் கழித்தவர்கள், இரவில் கோபுரத்தில் ஏறிக் கருவியைப் பிடித்தவர்கள், வடிவியலுக்குச் சீனச் சொல் தேடியவர்கள் எல்லாம் அந்த உதவியாளர்கள்தான்.

1644இல் மிங் வம்சம் விழுந்தது. கிளர்ச்சிப் படை நகருக்குள் நுழைந்ததும் பேரரசர் சொங்ஜன் அரண்மனைக்குப் பின்னாலிருந்த குன்றில் தூக்குப் போட்டுக்கொண்டார். சில வாரங்களில் மஞ்சூக்கள் வந்தார்கள். மூன்று நாளில் உள்நகரைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு. ஷால் போகவில்லை. மனு எழுதினார்: என்னிடம் கருவிகள் இருக்கின்றன, நூல்கள் இருக்கின்றன, அச்சுப் பலகைகள் இருக்கின்றன, மூன்று நாளில் எடுத்துப்போக முடியாது. அனுமதி கிடைத்தது. அதே வருடம் செப்டம்பர் 1ஆம் தேதி சூரிய கிரகணம். மூன்று கணக்குகளையும் போட்டு வைத்துப் பார்த்தார்கள். ஷாலின் கணக்கு அப்படியே பொருந்தியது. மஞ்சூக்களின் புதிய சிங் அரசுக்குப் புதிய நாட்காட்டி தேவையாக இருந்தது, அவருடையது தயாராக இருந்தது. துறையின் தலைவராக முதன்முதலாக ஓர் ஐரோப்பியர் உட்கார்ந்தார்.

இளம் பேரரசர் ஷுன்ஜி அவரை மாஃபா என்று கூப்பிட்டார். மஞ்சூ மொழியில் தாத்தா. 1656, 57 இரண்டு வருடத்தில் மட்டும் 24 முறை அவர் வீட்டுக்கே வந்திருக்கிறார். வானத்தின் மகன் என்று கொண்டாடப்படும் ஒருவர், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பாதிரியார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். இதையெல்லாம் சொல்லத்தான் எனக்கும் ஆசையாக இருக்கும். பிள்ளைகளிடமும் இதைத்தான் விரிவாகச் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது இன்னொன்று. அந்தத் துறை கிரகணம் மட்டும் கணக்கிடவில்லை. அதில் நாட்காட்டிக்கு ஒரு பிரிவு, வானத்தைப் பார்க்க ஒரு பிரிவு, நீர்க்கடிகாரத்துக்கு ஒரு பிரிவு. இந்த மூன்றாவது பிரிவுதான் நல்ல நாள் பார்ப்பது, கல்லறைக்கு இடம் பார்ப்பது எல்லாம். வெளியாகும் நாட்காட்டியிலும் எந்த நாளில் பயணம் போகலாம், எந்த நாளில் வீடு கட்டத் தொடங்கலாம் என்பதெல்லாம் அச்சாகும். ஷால் அத்தனைக்கும் தலைவர். இது ஒரு கத்தோலிக்கத் துறவி செய்கிற வேலையா என்று கேட்டவர்கள் சீனர்கள் இல்லை, அவருடைய சொந்த இயேசு சபைத் தோழர்கள். போர்ச்சுகீசியரான மகல்யாயிஸ் ரோமுக்குப் புகாருக்கு மேல் புகார் எழுதினார். மூடநம்பிக்கைக்குக் கையெழுத்துப் போடுகிறார், பதவியை விட வேண்டும் என்பது அவர் வாதம். ஷாலின் பதில், கணக்கு என்னுடையது, பலன் சொல்வது என்னுடைய பொறுப்பில்லை என்ற வகையில் இருந்தது. எனக்கு ரொம்ப நாளாக ஷால் பக்கம்தான் மனசு சாய்ந்திருந்தது. இப்போது மகல்யாயிஸ் எதையோ முன்கூட்டியே பார்த்துவிட்டார் என்று தோன்றுகிறது. அவர் பயந்தது ஆன்மாவுக்கு வரும் ஆபத்தை. ஆபத்து வந்தது கழுத்துக்கு.

## முடியாமல் எழுதுகிறேன்

1661இல் ஷுன்ஜி அம்மையில் செத்தார். எட்டு வயதைக்கூட எட்டாத காங்ஷி அரியணையில். அதிகாரம் நான்கு மஞ்சூப் பிரபுக்களிடம், அவர்களில் கடைசியில் மேலே வந்தவர் ஓபோய். மாஃபா என்று கூப்பிட ஆள் இல்லை.

இந்த நேரத்துக்குக் காத்திருந்தவர் யாங் குவாங்ஷியன். இவரை முட்டாள் என்று காட்டுவது எளிது, நானும் அப்படித்தான் காட்டினேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. மிங் காலத்திலேயே, ஒரு பெரிய அமைச்சர் மேல் குற்றம் சாட்ட, தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பெய்ஜிங்குக்குப் போனவர். அதற்காக அடிபட்டு நாடு கடத்தப்பட்டவர். தான் எழுதிய நூலுக்கு அவர் வைத்த பெயரை 'வேறு வழியில்லாமல்' என்று தமிழில் சொல்லலாம். அதில் ஒரு வாக்கியம் புகழ்பெற்றது: சீனத்துக்கு நல்ல நாட்காட்டி இல்லாமல் போனாலும் போகட்டும், மேற்கத்தியர் இருக்கக் கூடாது. நாட்காட்டியின் அட்டையில் 'மேற்குக் கடலின் புதுமுறைப்படி' என்று ஐந்து எழுத்து அச்சாகியிருந்தது அவரை உறுத்தியது. நாட்காட்டி தருகிற உரிமை யாருடையது, பேரரசருடையதா, மேற்குக் கடலுடையதா? கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஷால் 200 ஆண்டுக்கான நாட்காட்டி ஒன்றைச் சமர்ப்பித்திருந்தார். அப்படியென்றால் சிங் வம்சம் 200 வருடம்தான் இருக்குமா என்று கேட்டார் யாங். லுவோஹோவையும் ஜிதுவையும் இடம் மாற்றிவிட்டார் என்பதுகூடக் குற்றப் பட்டியலில் இருந்தது. நம் ராகு கேதுதான். அவர்களை வைத்து ஒரு ஜெர்மானியப் பாதிரியார் மேல் வழக்கு நடந்தது பெய்ஜிங்கில்.

யாங்குக்குத் துணை நின்ற வூ மிங்ஷுவான் முஸ்லிம் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவை 1657இல் இழுத்து மூட வைத்தது ஷால். நூற்றாண்டுக் கணக்காகக் குடும்பம் குடும்பமாகப் பார்த்துவந்த வேலை ஒரு உத்தரவில் போயிற்று. பழிவாங்கல் என்று நாம் சொல்வதற்குள் அந்தக் குடும்பங்களின் சாப்பாடும் இருக்கிறது.

இன்னொரு நெருப்பை மூட்டியவர் லீ ட்ஸூபாய். ஆமாம், 1626இல் தொலைநோக்கி நூலுக்கு உதவிய அதே மனிதர். கிட்டத்தட்ட 40 வருடம் ஷாலோடு இருந்தவர், திருமுழுக்குப் பெற்றவர், துறையில் நாட்காட்டிப் பிரிவு அதிகாரி. அவர் பெயரில் ஒரு சிறு நூல் வந்திருந்தது. ஆதி மனிதர்கள் யூதேயாவில் தோன்றினார்கள், அவர்கள் வழியில் வந்தவர்களே சீனத்தின் முதல் மக்களும் என்றது அது. யாங்கின் கொதிப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உயிரை வாங்கிய குற்றச்சாட்டு வேறு. 1658இல் ஷுன்ஜியின் மகன், சில மாதக் குழந்தை, இறந்துபோயிருந்தது. அந்த அடக்கத்துக்கு நாள் குறித்தது வானியல் துறை. அது கெட்ட நாள், தவறான முறையில் குறித்தது என்றார் யாங். அதனால்தான் இரண்டு வருடத்தில் குழந்தையின் தாய் செத்தாள், அப்புறம் பேரரசரே செத்தார். பேரரசரைக் கொன்ற குற்றம் என்று இதை நேரடியாகச் சொல்லவில்லையே தவிர, அர்த்தம் அதுதான்.

ஷாலுக்கு 1664 ஏப்ரலில் பக்கவாதம் வந்தது. செப்டம்பரில் யாங்கின் புகார் போயிற்று. நவம்பரில் சிறை. அவரோடு மூன்று பாதிரியார்கள்: அந்த இளைய தோழர் ஃபெர்டினாண்ட் வெர்பீஸ்ட், புல்யோ, அப்புறம் அத்தனை புகார் எழுதிய மகல்யாயிஸ். விசாரணையில் ஷாலால் பேச முடியவில்லை, அவருக்காக வெர்பீஸ்ட் பேசினார். சிறையில் இருக்கும்போதே 1665 ஜனவரி 16ஆம் தேதி ஒரு சூரிய கிரகணம் வந்தது. கைதிகள் குறித்துக் கொடுத்த நேரத்தில்தான் வந்தது. வழக்கில் அது எதையும் மாற்றவில்லை.

## அந்த ஒரு வரி

ஏப்ரல் நடுவில் தீர்ப்பு. ஷாலுக்கும், துறையின் ஏழு சீன அதிகாரிகளுக்கும் அரிந்து கொல்லும் தண்டனை. ஏப்ரல் 16ஆம் தேதி பெய்ஜிங் வட்டாரத்தில் பெரிய நிலநடுக்கம். அரண்மனையில் தீயும் பிடித்தது. போன குளிர்காலத்து வால்மீனின் பயம் தெளிவதற்குள் அந்த வசந்தத்தில் இன்னொரு வால்மீன். வானம் கோபப்படுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இப்படிப்பட்ட சமயத்தில் பொதுமன்னிப்பு அறிவித்துச் சிறைகளைத் திறப்பது வழக்கம். சிறுவன் காங்ஷியின் பாட்டி, பெரிய பேரரசியார், ஷாலுக்காகப் பேசினார் என்று பதிவுகள் சொல்கின்றன. ஷால் தப்பினார்.

இந்த இடத்தில்தான் ஒரு வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன். ஏழு சீனர்களில் இரண்டு பேரும் தப்பினார்கள். டு ரூயு, யாங் ஹோங்லியாங். ஏன் தப்பினார்கள் என்பதற்கு அரசவைக் குறிப்பிலேயே காரணம் இருக்கிறது. சிங் பேரரசர்களின் கல்லறைகளுக்கு இடம் பார்த்துக் கொடுத்தவர்கள் இவர்கள், அந்தச் சேவையை நினைத்து உயிர்ப்பிச்சை. அதாவது, வழக்கு கல்லறை நாள் பற்றியது. இடமும் நாளும் பார்க்கிற பிரிவின் ஆட்கள் அவர்கள். அவர்கள் பிழைத்தார்கள், அவர்களின் தொழிலே அவர்களைப் பிழைக்க வைத்தது. செத்தவர்கள் கணக்குப் போட்டவர்கள். லீ ட்ஸூபாய், சோங் கெச்செங், சோங் ஃபா, ஜூ குவாங்ஷியன், லியூ யூதாய். லீயைத் தவிர்த்த நால்வரின் பதவிகளுக்கு வசந்தம், இலையுதிர்காலம், குளிர்காலம், நடு என்று பருவத்தையொட்டிய பெயர்கள். தமிழில் எழுதினால் அவர்களில் ஒருவர் பெயரும் அவர்களைச் சாக வைத்தவர் பெயரும் ஒன்றுபோல ஒலிக்கின்றன: ஜூ குவாங்ஷியன், யாங் குவாங்ஷியன். முதல் தடவை நான் குழம்பிப்போய்த் திரும்பப் படித்தேன்.

அரிந்து கொல்லும் தண்டனை தலையை வெட்டுவதாக மாற்றப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்த கருணை அவ்வளவுதான்.

பாதிரியார்கள் நால்வரும் பிழைத்ததற்கும் இவர்கள் செத்ததற்கும் என்ன வித்தியாசம் என்று பலவாறாக யோசித்துப் பார்த்தேன். நிலநடுக்கம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் நடந்தது. ஷாலுக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. செத்துப்போன பேரரசர் தாத்தா என்று கூப்பிட்டவர், அரண்மனைக்குள் அவருக்காகப் பேச ஒரு மூதாட்டி இருந்தார். டு ரூயுவுக்கும் யாங் ஹோங்லியாங்குக்கும் பேரரசர்களின் கல்லறைகள் சாட்சி சொல்லின. இந்த ஐந்து பேரிடம் இருந்தது பிழையில்லாத அட்டவணைகள். ஆனாலும் அரசவைக்கு யாரையாவது தண்டித்தே ஆக வேண்டியிருந்தது, குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்லியாயிற்று. வானத்தையும் சமாதானப்படுத்த வேண்டும், தீர்ப்பையும் காப்பாற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள் இவர்கள். இது என் ஊகம்தான், ஆனால் எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஷால் மே மாதம் வெளியே வந்தார். ஜூலையில் தன் சபைத் தோழர்கள் முன்னிலையில் ஒரு பாவ அறிக்கை கொடுத்தார். தன் வேலைக்காரனுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்தது, அவன் மகனைப் பேரனாகத் தத்தெடுத்தது, மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படியாதது, சகோதரர்களைச் சொல்லாலும் எழுத்தாலும் நோகச் செய்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பேச்சு சரியாக வராத ஒரு கிழவர் இப்படி உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். 1666 ஆகஸ்ட் 15ஆம் தேதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, இறந்துபோனார்.

## இரண்டு மடங்கு நிழல்

யாங்கைத் துறைத் தலைவராக்கினார்கள். அவர் திரும்பத் திரும்ப மறுத்தார். எனக்கு நாட்காட்டியின் தத்துவம் தெரியும், கணக்கு தெரியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். கேட்கவில்லை. கணக்கு தெரிந்த ஐந்து பேர்தான் இல்லையே.

1668 டிசம்பர். காங்ஷிக்கு 14 வயது. அடுத்த ஆண்டு நாட்காட்டியில் பிழை இருக்கிறது என்று வெர்பீஸ்ட் சொன்னார். அதிக மாதம் ஒன்றைத் தவறான வருடத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு சோதனை: செங்குத்தாக ஒரு கம்பு, மறுநாள் உச்சிப் பொழுதில் அதன் நிழல் எங்கே முடியும் என்று இன்றைக்கே குறிக்க வேண்டும். பெய்ஜிங் கிட்டத்தட்ட 40 பாகை வடக்கில். டிசம்பர் கடைசியில் சூரியன் நடுக்கோட்டுக்கு 23 பாகைக்கு மேல் தெற்கில். இரண்டையும் கூட்டினால் உச்சியிலிருந்து சூரியன் 63 பாகை சாய்ந்திருக்கும். நிழல் கம்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏறக்குறைய என்பதில்தான் விஷயம். கம்பின் உயரத்தைச் சொன்னால், நிழலின் நுனி விழும் கோட்டை முதல் நாளே கிழித்துக் காட்ட வேண்டும். 27, 28, 29 மூன்று நாளும், மூன்று வெவ்வேறு உயரத்துக்கு, வெர்பீஸ்ட் போட்ட கோட்டில் நிழல் வந்து நின்றது. யாங்காலும் வூவாலும் கணக்குப் போடவே முடியவில்லை.

காங்ஷி பிற்காலத்தில் தன் பிள்ளைகளிடம் இதை நினைவுகூர்ந்தார். அரண்மனை வாசலில் நிழலை அளந்துகொண்டிருந்தார்கள், சுற்றி நின்ற என் அமைச்சர்களில் ஒருவருக்கும் அந்த முறை தெரியாது, எனக்கே தெரியாத விஷயத்தில் யார் சரி என்று நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்று நினைத்தேன், அதனால் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன் என்றார். இந்தச் சம்பவத்தில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இதுதான். 1665இல் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவருக்காவது இப்படித் தோன்றியிருந்தால்!

சரி, அப்புறம் நடந்தவை வேகமாக நடந்தன. 1669இல் வெர்பீஸ்ட் துறைக்கு வந்தார், ஓபோய் சிறைக்குப் போனார், யாங்குக்கு மரண தண்டனை விதித்து, முதுமையைக் காட்டி விட்டுவிட்டார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் இறந்தார். வெர்பீஸ்ட் 1674க்குள் வெண்கலத்தில் ஆறு பெரிய கருவிகளை வார்த்தார். வேலை விஷயமாக ஒரு முறை பெய்ஜிங் போனபோது, ஓய்வு கிடைத்த ஒரு பிற்பகலில் பழைய வானோக்கு மேடையில் ஏறி அவற்றைப் பார்த்திருக்கிறேன். டிராகன்கள் வளையங்களைத் தூக்கிப் பிடித்திருக்கும். கீழே வண்டிகள் இரைந்துகொண்டே போகும். அன்றைக்கு நான் வெர்பீஸ்டை நினைத்தேன், ஷாலை நினைத்தேன், ஒவ்வொரு கருவியையும் சுற்றி வந்து படம் எடுத்தேன்.

ஷாலுக்கு 1669இலேயே மரியாதை திரும்பியது. அரசுச் செலவில் இறுதிச் சடங்கு, பேரரசர் பெயரால் இரங்கல் உரை, அவருக்கு முன்னோடியான பாதிரியார் மத்தேயு ரிச்சியின் கல்லறைக்குப் பக்கத்தில் கல். அதே ஆணையில் ஐந்து பேருக்கும் பழைய பதவி திருப்பிக் கொடுக்கப்பட்டது. இறந்து நான்கு வருடம் கழித்து லீ ட்ஸூபாய் மறுபடி அதிகாரி ஆனார்.

இந்த மே மாதமும் நூலகத்தில் கூப்பிட்டார்கள். போனேன். அந்தப் பெண் வந்திருந்தாள், ஏழாம் வகுப்பு போகப்போகிறாள், கொஞ்சம் உயர்ந்துவிட்டாள். கதையைத் தொடங்குவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, "போன வருஷம் நீ ஒண்ணு கேட்ட. நான் தப்பாச் சொல்லிட்டேன்மா" என்றேன். அவளுக்குக் கேட்டது ஞாபகம் இல்லை. சொன்னதும் ஞாபகம் வந்தது. ஐந்து பேரையும் பற்றிச் சொன்னேன். நோட்டை நீட்டி, "பேரை எழுதிக் குடுங்க சார்" என்றாள். எழுதினேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். லீ ட்ஸூபாய் மட்டும் அவளுக்கு இரண்டு தடவை தடுக்கியது.

அப்புறம், "அவங்களுக்குப் பிள்ளைங்க இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

இருந்தார்கள். லீயின் மகன் லீ ஷி, சோங் கெச்செங்கின் மகன் சோங் ஜே. முதல் தீர்ப்பில் அவர்கள் தலையையும் வெட்டச் சொல்லியிருந்தார்கள். பிறகு பிள்ளைகளை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் நோட்டைத் திரும்ப நீட்டினாள். அப்பாக்களின் பெயருக்குப் பக்கத்தில் அந்த இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.